விதி பத்து, முறை மூன்று

கல்லூரி முதலாண்டுத் தமிழ் வகுப்புக்குப் பாடத்திட்டம் போடும்போது, இலக்கணத்தை ஓர் அலகாகவும் கட்டுரையை வேறோர் அலகாகவும் பிரித்துவிடுகிறோம். பருவத் தொடக்கத்தில் நடத்திய வல்லினம் மிகும் இடங்கள், கடைசியில் எழுதும் கட்டுரையில் காணாமல் போய்விடுகின்றன.

விடுப்புக் கடிதத்திலிருந்தே தொடங்கலாம். ‘எனக்கு காய்ச்சல், ஊருக்கு போகிறேன்’ என்று எழுதும் மாணவரிடம், ‘கு’ உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று அங்கேயே சொன்னால் விதி மனத்தில் தங்கும். அடுத்த மாதம் செய்தி அறிக்கையில் அதே விதி. அதற்கடுத்த மாதம் கட்டுரையில் மறுபடியும்.

இது புதுமையன்று. பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறைப்படி எடுத்துச் சொல்லவே வரும் என்கிறது 13ஆம் நூற்றாண்டு நூலான பவணந்தி முனிவரின் நன்னூல்.

ஆசிரியர்களே, 90 வேலை நாட்களுக்குள் முப்பது விதிகளை ஓட்டி முடிப்பதைவிடப் பத்து விதிகளை மூன்று முறை எழுத வையுங்கள். தாள் முழுக்கச் சிவப்பு மை வேண்டாம். அந்த வாரத்து விதியை மட்டும் திருத்துங்கள். பிழைக்குப் பயப்படாதவர்தான் அடுத்த பக்கமும் எழுதுவார்.