பரபக்கமும் பள்ளிப் பாடமும்

பாலாற்றங்கரையிலுள்ள வாணியம்பாடிக்கு அப்பெயர் வந்த வரலாற்றை அன்பர் பலர் அறிவர். நான்முகன் சாபத்தாற் பேச்சிழந்த கலைமகள், ஆங்குள்ள அதிதீசுவரர் திருமுன்னர் வழிபட்டு, இழந்த சொல்லை மீளப்பெற்றுப் பாடினாள் என்பது தலபுராணம். கல்விக்குத் தெய்வமாகிய வாணியே வாய்பேசாது நின்ற ஊர் அஃது என்பதும் உடன் நினையத்தக்கது.

சின்னாட்களுக்கு முன் அவ்வூர்ச் சைவ அன்பரொருவர் எம்பால் ஒரு வினா விடுத்தனர். உயர்நிலைப் பள்ளியொன்றற்குப் பரந்ததொரு பாடத்திட்டம் வகுப்பதாயின், அதன்கண் பிறசமய நூற்பகுதிகளும், பிறர் மொழியும், ஊர்த்தொழிலும் இடம்பெறலாமோ, அங்ஙனம் பெறின் சைவப் பிள்ளைகட்கு ஊறு விளையாதோ என்பது அவ்வினா. அவ்வூரின் இயல்பு அறிந்தார்க்கு இது வெறும் வாத விருப்பினால் எழுந்த வினா அன்று என்பது விளங்கும். ஒரு தெருவில் உருதும், அடுத்த தெருவில் தமிழும், மற்றொன்றில் தெலுங்கும் வீட்டுமொழியாய் வழங்கும் ஊர் அது. ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய அயலூர்களோடு ஒப்பத் தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்றது. 2019-இல் வேலூரினின்றும் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு நூறாண்டு முன்னர், 1919-இல், தோன்றிய இசுலாமியாக் கல்லூரி ஆங்கு உளது. கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ்ப் பேராசிரியராய்ப் பல்லாண்டு அமர்ந்து கற்பித்தது அக்கல்லூரியிலேதான்.

அன்பர் தம் ஐயத்திற்குச் சித்தாந்தத்தையே கரியாகக் காட்டினர். ஆன்மாச் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. இளம்பிள்ளைகள் எதனைச் சாரினும் அதுவாவர். ஆதலிற் பிறசமயத்தைச் சார்வித்தல் தீது என்றனர். இவ்வாதம் எளிதிற் புறந்தள்ளற்பாலதன்று. யாமும் நெடுங்காலம் இதனையே கொண்டிருந்தோம்.

ஆயினும், சார்தல் வேறு, அறிதல் வேறு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைப் பற்றுவது போல ஆன்மாப் பற்றுவது பற்றினால். செய்தியை அறிந்த துணையானே பற்று உண்டாகிவிடாது. ஆறுமுக நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியிலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு உறுதுணையாயிருந்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பல்லாண்டு ஈடுபட்டவர். அந்நூலை அவர் அறிந்த அளவு அறிந்த சைவர் அக்காலத்து எவர்? அவ்வறிவு அவரை விவிலியத்தின் வண்ணமாக்கிற்றா? 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினவரும் அவரே. திருவாவடுதுறையிற் பயின்ற சாமிநாதையர் 1887-இற் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சைனர்களை அடுத்து அவர்தம் சமயப் பொருளைக் கேட்டறிந்தே நூலை விளங்கிக்கொண்டார். அதனால் அவருடைய நீறு நெற்றியினின்றும் அழிந்துவிடவில்லை.

இவை பெரியோர் வரலாறுகளாதலிற் சிறுவர்க்கு ஒவ்வா எனின், நம் சாத்திரத்தின் அமைப்பையே நோக்குக. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம் சுபக்கம் என இருபாற்படுத்துப் பரபக்கத்தையே முன்வைத்தனர். உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகள் அதன்கண் கூறப்படுகின்றன. கடவுளே இல்லையென்பான் கூற்றை முதற்கண் நிறுத்துதற்கு அவர் அஞ்சினாரல்லர். மறுத்தற்கன்றோ கூறினார் எனின், மெய்யே. ஆயினும், பிறன் கொள்கையை அவனே ஒப்புமாறு கூறினாலன்றி மறுப்பு மறுப்பாகாது. யாம் மடத்திற் பாடங்கேட்ட நாளில், உலகாயதனைப் பொய்யாகச் சிறுமைப்படுத்தி உரைத்த மாணாக்கனை ஆசிரியர் நிறுத்தி, ‘அவன் இங்கிருந்தால் இதை ஒப்புவானா? மறுபடியும் சொல்’ என்பர். அப்பயிற்சியினும் சிறந்த நேர்மைப் பயிற்சியை யாம் எங்கும் கண்டிலேம்.

ஆகவே, கூறுதல் பள்ளியின் தொழில். மறுத்தலும் நிறுவுதலும் பக்குவமுற்றார்க்கு மடத்தின் தொழில். அரசுப் பொருளால் முற்றும் நடைபெறும் பள்ளியிற் சமயபோதனை கூடாதென்பது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு. தீக்கையும் நியமமும் வீட்டிலும் கோயிலிலும் மடத்திலும் பெறற்பாலன. முகமதியப் பிள்ளை தன் மதரசாவிற் பெறுவான். சமயங்களெல்லாம் சோபான முறையில் அமைந்தன என்பது நம் துணிபு. அதனை யாம் சிறிதும் நெகிழ்த்தோமல்லோம். ஆயினும், வகுப்பிலிருக்கும் பன்னிரண்டாண்டுப் பிள்ளையை நோக்கி, நின் தந்தை நிற்பது கீழ்ப்படி என்று உரைத்தற்கு எமக்கு அதிகாரம் அளித்தவர் யாவர்? பக்குவம் அளப்பவன் இறைவன். அளவுகோலை ஆசிரியர் கையில் அவன் கொடுத்ததாக எவ்வாகமமும் கூறவில்லை.

இனித் தொழிற்கல்வி. ஈண்டு எம் குற்றமொன்றை மறையாது கூறல் வேண்டும்.

யாம் ஒரு பள்ளியில் தமிழ்ப்பண்டிதராய் இருந்த காலத்துப் பெரிய புராணத்திலே திருநாளைப்போவார் சரிதம் பாடமாயிருந்தது. அவர் சிவாலயங்களிலுள்ள பேரிகை முதலிய முகக்கருவிகட்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்று சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார். யாம் அப்பகுதியை ‘தோல் முதலியன கொடுத்தார்’ என்ற அளவிற் கடந்து, தீப்புகுதலுக்கு விரைந்தோம். பின்வரிசையில் இருந்த மாணவனொருவன் எழுந்து, ‘ஐயா, அந்தத் தோலை எதில் பதப்படுத்தினார்? ஆவாரம்பட்டையா, கடுக்காயா?’ என்று வினவினான். அவன் தந்தை பதனிடுசாலையில் வேலைசெய்பவர். எமக்கு விடை தெரியவில்லை. உட்காரெனச் சொல்லிவிட்டோம். அவன் பின்னர் அவ்வாண்டு முழுவதும் வினா ஒன்றும் கேட்டிலன்.

தெரியாமை குற்றமன்று. அவ்வரியை விரைந்து கடந்தமையே குற்றம். திருக்கோயில் முரசின் ஒலி எத்தொழிலினின்றும் எழுந்ததோ அத்தொழிலைச் சேக்கிழார் திருத்தொண்டெனப் பாடினார். யாமோ அதனை வகுப்பில் உச்சரிக்க நாணினோம். அம்மாணவனை எழச்செய்து, தோலை நனைத்தலும், சுண்ணாம்பிட்டு மயிர்களைதலும், பட்டைச் சாற்றில் ஊறவைத்தலும் ஆகியவற்றை அவன் வாயாற் கூறக் கேட்டிருப்போமாயின், அன்று அச்சரிதம் ஓர் ஊர்ச்சரிதமாய் விளங்கியிருக்கும்.

தொழிலைப் பாடமாக்குங்கால் அதன் தீமையையும் மறைத்தல் ஆகாது. மரப்பட்டையோடு குரோமிய உப்பும் வந்தபின், பதனிடுசாலைக் கழிவு பாலாற்றிலும் அதன் அயல் நிலங்களிலும் கலந்து கிணற்றுநீர் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 28-8-1996-இல் தீர்ப்பளித்து, மாசுபடுத்தினோரே ஈடுசெய்தல் வேண்டும் என்றது. அத்தீர்ப்பு இந்நாட்டுச் சூழல் வழக்குகட்கெல்லாம் மேற்கோளாயிற்று. அவ்வூர்ப் பிள்ளைகள் இதனை வேதியியல் வகுப்பிலும் அறநூல் வகுப்பிலும் ஒருங்கே கற்றல் தகும். தந்தையின் கூலி அத்தொழிலினின்று வருகின்றது. தாய் சுமக்கும் குடத்து நீரின் உப்பும் அத்தொழிலினின்றே வருகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணக் கற்பியாத பாடத்திட்டம், எத்துணை நூல்களை அடுக்கினும் பரந்ததாகாது.

மொழியைப்பற்றிச் சுருங்கக் கூறுவோம். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாய பாடமாக்கிற்று. மொழிச் சிறுபான்மையர் வழக்காடித் தேர்வினின்றும் சில ஆண்டுகட்கு விலக்குப் பெற்றனர். இந்நாட்டில் வாழும் பிள்ளை தமிழறியாது வளர்தல் அதற்கே கேடு என்பது எம் கருத்து. ஆயினும் அச்சுறுத்திப் புகட்டிய தமிழ் நாவில் தங்காது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை வாயிலாக வைத்துத் தொடங்கின், உருதுப் பிள்ளைக்குத் தமிழ் அயல்மொழியாய்த் தோன்றாது. சைவப் பிள்ளையும் அதனைக் கேட்டல் நன்று. அவ்வாறே தமிழ்ப்பிள்ளை அடுத்த வீட்டு உருதிற் சில சொற்களைத் தேர்வும் மதிப்பெண்ணுமின்றிக் கற்பதனால் தமிழன்னைக்கு இழுக்கொன்றும் இல்லை.

இவ்விடையை அன்பர்க்கு எழுதினேமாக, அவர் மறுமடலில் ஒன்றே ஒன்று வினவினர்: ‘இவையெல்லாம் சரி, சீறாப்புராணத்தைப் பழுதறச் சொல்லும் சைவப் பண்டிதரும், திருநாளைப்போவார் சரிதத்தை அன்போடு சொல்லும் முகமதிய ஆசிரியரும் எங்கே கிடைப்பர்?’ அதற்கு எம்மிடத்துத் தக்க விடை இல்லை. எம் பெட்டியில் பிரியாது கிடந்த சீறாப்புராணப் பிரதியை இப்போது எடுத்து, முதற்காண்டத்தினின்றும் படிக்கத் தொடங்கியுள்ளோம்.