பாட்டனார் வேய்ந்த கூரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூரிலே நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் கூரைக்கு வயதாகிவிட்டது. கைமரங்களில் கரையான், ஓடுகளில் விரிசல், மழை வந்தால் கூடத்திலே அண்டாவும் குண்டானும் அணிவகுக்கும். பிரித்து மாற்றுவோம் என்றோம். "ஆடி மாதத்திலா கூரையைப் பிரிப்பது? அதுவும் உன் பாட்டனார் வேய்ந்ததையா?" என்றார் பாட்டி.

அச்சம் பாதி, அன்பு பாதி. அச்சத்துக்கு விடை எளிது: மழை பஞ்சாங்கம் பார்த்துப் பெய்வதில்லை. அன்புக்கு விடை கூறுவதுதான் அரிது. முன்னோர் உழைப்பைப் பிரித்துப் போடுவது நன்றி கொல்வதாகாதா?

எண்ணிப் பார்த்தோம். பாட்டனார் செய்ததென்ன? தம் தந்தையார் வேய்ந்த கீற்றைப் பிரித்துவிட்டுத்தானே ஓடு போட்டார்! பரம்பரை ஓடு என்கிறோமே, அந்தச் சீமை ஓடு, 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய தொழிற்சாலை வழியே வந்த புதுமையன்றோ! ஒழுகும் ஓட்டைக் காப்பவர் பாட்டனார் வாங்கிய மண்ணைக் காக்கிறார். மாற்றுபவரே அவர் மனத்தைக் காக்கிறார்.

கூரை யாருக்காக? வேய்ந்தவருக்காகவா, அதன்கீழ் வாழ்பவருக்காகவா? 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. 94 குழந்தைகள் மாண்டனர். கீற்று எரியும் என்பதை அன்றுவரை அறியாதவர் எவர்? அறிந்தும், இருப்பது இருக்கட்டும் என்றிருந்தோம். பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றும் ஆணை, சாம்பலை அள்ளிய பிறகே பிறந்தது! வகுப்பறையில் நிற்கும்போதெல்லாம் நம் கண் தானாக மேலே செல்கிறது.

அப்படியானால் பழையதெல்லாம் குப்பையா? அல்ல. நம் வீட்டுக்கு வந்த தச்சர் ஒவ்வொரு மரத்தையும் தட்டினார். காது கொடுத்துக் கேட்டார். உள்ளே உளுத்தவற்றைத் தள்ளினார். நடுத் தூலத்தைத் தட்டிவிட்டு, "வைரம் பாய்ந்த மரம், இருக்கட்டும்" என்றார். எவர் வைத்தது, எந்த நாளில் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. தாங்குமா என்று மட்டுமே பார்த்தார். பகுத்தறிவு என்பது இதனினும் வேறா?

பணமின்றி ஒழுகும் கூரை வேறு. பஞ்சாங்கத்தால் ஒழுகும் கூரை வேறு. முன்னதற்கு உதவி செய்ய அரசு உண்டு. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம், குடிசைகளுக்கு மாற்றாக 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளை, வீடொன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் தந்து எழுப்ப இலக்கு வைத்தது. பின்னதற்கு எந்த அரசு பணம் தரும்? அதனை நாமேதான் பிரித்தாக வேண்டும்.

ஆடியிலேயே பிரித்தோம். புதிய கூரையின் நடுவே பழைய தூலம் நிற்கிறது. பாட்டி அதன் கீழேதான் படுக்கிறார். அண்டா அடுக்களைக்குத் திரும்பிவிட்டது.

தோழர்களே! வீட்டுக் கூரை மட்டுமா பழையது? தலைக்கு மேலே இருக்கிற ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். தாங்குவது நிற்கட்டும், உளுத்தது இறங்கட்டும்!