பூனை கவ்விய பாம்பு: நாம யார் பக்கம்?

 

இந்த வாரம் ஒரு கோயிலைப் பத்தி எழுதலாம்னுதான் இருந்தேன். ஆனா போன மாசம் எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. அதையே எழுதிடுறேன்.

எங்க ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல. கரிசல் காடு, சீமைக்கருவேல மரம், வருஷத்துல பாதி நாள் வறண்டு கிடக்கிற கண்மாய். அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணி இருக்கும். எங்க பூனை மணி எதையோ கவ்விட்டு வந்து முற்றத்துல போட்டுச்சு. பார்த்தா, ஒரு முழ நீளத்துல ஒரு பாம்பு. உடம்புல வெள்ளை வெள்ளையா பட்டை. நடுவுல பல் பட்டு ரத்தம். பூனை விடும், அது நகரும், மறுபடி ஒரு அடி விழும்.

அப்பத்தா "முருகா!"ன்னு கத்திட்டுக் கட்டில் மேல ஏறிட்டாங்க. சித்தப்பா கம்போட ஓடி வந்தார். "கட்டுவிரியன்டா. தள்ளி நில்லு, ஒரே அடி."

சித்தப்பாவைத் தப்பு சொல்ல மாட்டேன். அவரோட சிநேகிதர் ஒருத்தர் களத்துல தரையில படுத்துத் தூங்கினவர், விடியக்காலை வயித்து வலின்னு எழுந்தார். கட்டுவிரியன் கடிச்சா வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது. வாயுத் தொல்லைன்னு நினைச்சுக் கஷாயம் குடுத்தாங்க. கண் இமை சொருகின பிறகுதான் ஆஸ்பத்திரி. காப்பாத்த முடியல. 2000 முதல் 2019 வரை இந்தியாவுல பாம்புக்கடியால சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பாங்கன்னு 2020-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. அதுல பெரும்பாலானவங்க நம்மள மாதிரி கிராமத்து ஜனங்க. அந்தக் கம்புக்குப் பின்னாடி இருந்தது கோபம் இல்ல, பயம்.

"ஒரு நிமிஷம் சித்தப்பா, அது என்னன்னு பார்த்துடுவோம்"னு சொன்னேன். கருவாட்டுத் துண்டைக் காட்டி மணியைக் கூப்பிட்டு உள்ளறையில போட்டுக் கதவைச் சாத்தினேன். தள்ளி நின்னு போனைப் பெரிதாக்கி ரெண்டு படம் எடுத்து, பாம்பு மீட்கிற ஒரு அண்ணனுக்கு அனுப்பினேன்.

அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டார். "தம்பி, பட்டை கழுத்துக்கிட்ட அகலமா இருக்கு, வால் பக்கம் போகப் போக மங்குது பார். இது வெள்ளிக்கோல் வரையன். விஷம் இல்ல. பல்லி பிடிக்க வீட்டுக்குள்ள வரும். கட்டுவிரியனுக்கு நேர் மாறா, தலைப் பக்கம் பட்டை மங்கலா இருக்கும், வால் பக்கம் தெளிவா இருக்கும். உடம்பும் பளபளன்னு கருப்பா இருக்கும்." உடனே இன்னொண்ணும் சொன்னார்: "ஆனாலும் நீ தொடாதே. சந்தேகம்னு வந்துட்டா எல்லாப் பாம்பையும் விரியன்னே நினைச்சுக்கோ. தூரத்துல இருந்து ஒரு வாளியைக் கவிழ்த்து மேல கல்லை வை. மஞ்சள் போடாதே, பால் ஊத்தாதே. நான் வர்றேன்."

வந்தவர் கொக்கியால அதை எடுத்து, காத்துப் போற டப்பாவுல வெச்சார். பூனைப் பல் பட்ட காயம் வெளியில சின்னதாத்தான் தெரியும், ஆனா அதோட வாயில இருக்கிற கிருமி உள்ள போய்ச் சீழ் வைக்கும்னார். வனத்துறைக்குத் தகவல் சொல்லிட்டுக் கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போனார்.

அவர் போன பிறகு சித்தப்பா கேட்ட கேள்விதான் இந்தப் பதிவு. "பூனை பாம்பைப் பிடிக்கிறது இயற்கை. நடுவுல நீ யாருடா?"

அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பார்த்தேன். காட்டுல ஒரு கழுகு பாம்பைத் தூக்குதுன்னா, அது குஞ்சுக்கு இரை. அதுல நான் நுழைய எனக்கு உரிமை இல்ல. ஆனா மணிக்கு அன்னைக்கு ராத்திரி தயிர்ச்சோறு போட்டது நான். அது பசிக்குப் பிடிக்கல. வளர்த்தது நான், சோறு போட்டது நான், ராத்திரி வெளியில விட்டதும் நான். அப்போ அந்தக் காயத்துல எனக்கும் பங்கு இருக்கு. அதை இயற்கை தலையில கட்டிட்டு நான் ஒதுங்க முடியாது.

இன்னொரு கேள்வி இதைவிட உறுத்துச்சு. விஷமில்லாததுன்னு தெரிஞ்சதால காப்பாத்தினேன். நிஜமாவே கட்டுவிரியனா இருந்திருந்தா?

நம்ம வீட்டுப் பூஜை அறைப் படத்தைப் பாருங்க. மயில் காலடியில பாம்பு இருக்கு. மயில் அதைப் பிடிச்சிருக்கு, கொல்லல. இத்தனை வருஷம் கும்பிட்டும் நான் அதைக் கவனிச்சதே இல்ல. குக்கே சுப்ரமண்யாவுல, கருடனுக்குப் பயந்து வந்த வாசுகிக்கு நம்ம அப்பன் அடைக்கலம் குடுத்தான்னு தலபுராணம். வாசுகிக்கு விஷம் உண்டா இல்லையான்னு பார்த்தா குடுத்தான்?

நம்ம திருச்சுழியில 1879-ல் பிறந்த ரமண மகரிஷியை முருகனோட அவதாரம்னே காவ்யகண்ட கணபதி முனி கருதினார். அவர் அருணாசல மலையில இருந்த காலத்துல பாம்பு வந்தா அடிக்க விட மாட்டார். அதுங்க இடத்துக்கு நாமதான் வந்திருக்கோம்ங்கிறது அவர் எண்ணம்.

அதுக்காக விரியனைக் கையில தூக்குறது பக்தி இல்ல, முட்டாள்தனம். விரியன்கிட்ட காட்டுற கருணைக்குப் பேரு தூரம். பூனையை அடைக்கணும், குழந்தைகளை விலக்கணும், தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடணும். கடிச்சிருச்சுன்னு சந்தேகம் வந்தாலே மந்திரம், கீறல், கட்டு எதுவும் வேணாம். 108-ஐக் கூப்பிட்டு நேரா அரசு மருத்துவமனை. அங்க போடுற விஷமுறிவு மருந்துக்கான விஷமும் பாம்புகிட்ட இருந்துதான் வருது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கினது. அவங்க பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுலயே விட்டுடுறாங்க. பயத்தை அறிவா மாத்தினா கம்பு தேவைப்படாது.

அந்தப் பாம்பு பிழைக்கல. நாலாம் நாள் அண்ணன் மெசேஜ் போட்டார், காயம் உள்ளுக்குள்ள சீழ் வெச்சிருச்சாம். அப்போ எல்லாம் வீணான்னு ரெண்டு நாள் சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். உயிர் அவன் கையில. அது ஒரு அடியில சாகாம, ஒருத்தர் கவனிப்புல போச்சு. எங்களால முடிஞ்சது அவ்வளவுதான். இப்போ மணி பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ளதான். நாங்களும் யாரும் தரையில படுக்கிறதில்ல.

போன வாரம் சித்தப்பா காட்டுல இருந்து போன் பண்ணினார். "டேய், வரப்புல ஒண்ணு கிடக்கு. படம் அனுப்பியிருக்கேன், அது என்னன்னு அந்த அண்ணன்கிட்ட கேளு. நான் தள்ளித்தான் நிக்கிறேன்."

கையில கம்பு இருந்துச்சான்னு நான் கேட்கல.

படிச்சவங்க உங்க ஊர்க் குழுவுலயும் பகிருங்க. யாரோ ஒருத்தர் ஒரு நிமிஷம் நின்னு பார்த்தாலும் போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!