பணத்தின் பெயர்

விவசாயியின் கையில் அரசாங்கம் காசு கொடுப்பது அவனைப் பிச்சைக்காரனாக்கும் என்று நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், எனக்கு எழுதியிருந்தார். கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது, பதில் போடவில்லை. அவர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை என்பது மட்டும் காரணமல்ல. நான் உட்கார்ந்திருப்பது வங்கிக் கவுண்டரில். அந்தக் காசு வந்து விழுவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு 'பிச்சை' என்ற சொல்லும் சரி, அதை மறுத்து மேடைகளில் வீசப்படும் சொற்களும் சரி, மிகவும் சுலபமானவையாகத் தெரிகின்றன.

சொல் விஷயத்தில் அரசாங்கங்கள் நம் கவிஞர்களைவிட ஜாக்கிரதையாக இருந்திருக்கின்றன. மத்திய அரசு 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம், நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6000 ரூபாயை மூன்று தவணைகளில் கணக்கில் போட்டது. அதன் பெயரில் 'சம்மான்' என்று ஒரு சொல். மரியாதை என்று பொருள். தமிழக அரசு 2023 செப்டம்பர் 15-இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது 'உரிமைத் தொகை' என்றது. இரண்டு பெயரிலும் 'உதவி' இல்லை. கொடுப்பதில் ஒளிந்திருக்கும் அவமானம் கொடுக்கிறவனுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். ஆனால் ஊரில் இந்தப் பெயர்கள் நிற்கவில்லை. 'ரெண்டாயிரம்', 'ஆயிரம்' என்கிறார்கள். தொகையே பெயராகிவிட்டது.

ரெண்டாயிரம் என்பது 2022-இன் விலையில் ஒரு மூட்டை டிஏபி, இரண்டு மூட்டை யூரியா, கொஞ்சம் சில்லறை. அதுவும் நாலு மாதத்துக்கு ஒரு முறை என்ற காலண்டர் கணக்கில் வருகிறதே தவிர, குறுவைக்கும் சம்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதனால் விவசாயி சோம்பேறியாவான் என்பவர்கள் ஒரு மா நிலத்துக்கு உழவுகூலி என்ன என்று கேட்டுவிட்டுப் பேசலாம். அதற்கு மேல் இந்த வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை.

அக்கறை இன்னொன்றில். மரியாதை யாருக்கு? திட்டம் பட்டாவைப் பார்த்தது, சேற்றில் நிற்கும் காலைப் பார்க்கவில்லை. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், பட்டணத்தில் குடியிருப்பவர் நிலம் என்று குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனையோ பேர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே இங்கே சட்டம் வந்தது. அந்தப் பதிவேட்டின் பக்கம் திட்டம் திரும்பவில்லை. (2018-இல் தெலங்கானா தொடங்கிய திட்டமும் பட்டாதாரரோடு நின்றது. அந்த வருஷக் கடைசியில் ஒடிஸா அறிவித்தது மட்டும் வாரத்துக்கு உழுகிறவனையும் நிலமற்றவனையும் நினைத்துப் பார்த்தது.) முதலில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு என்றார்கள். சில மாதங்களில் அந்த வரம்பும் போயிற்று. என் அப்பாவுக்கும் வந்தது. அவர் வயலில் இறங்கி இருபது வருஷம் இருக்கும், நிலம் குத்தகையில் இருக்கிறது. ஒரு தவணையில் மூக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டார். குத்தகைக்காரருக்கு ஒன்றும் வரவில்லை. இதைப் பற்றி வீட்டில் நானும் பேசவில்லை.

2020-இல் தமிழ்நாட்டில் இதே திட்டத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள் சேர்க்கப்பட்டிருப்பது வெளிவந்தது. 110 கோடி ரூபாய் என்றார்கள். தரகர்களும் உள்ளே இருந்தவர்களும் சேர்ந்து செய்த வேலை. அதை நியாயப்படுத்தும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் பத்திரிகைகள் உபயோகித்த சொல் 'போலி விவசாயிகள்'. எங்கள் கிளைக்கும் ஒரு பட்டியல் வந்தது, கணக்குகளை நிறுத்தி வைத்தோம். அதில் பெயர் இருந்த ஒரு அம்மாள் கவுண்டருக்கு வந்து, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்கிற தோரணையில் கேட்டார்: "நான் எப்படி சார் போலி? நேத்துகூட நடவுக்குப் போயிட்டுத்தானே வந்தேன்." பதிவேட்டின்படி அவர் போலி, என் அப்பா அசல். ஒரு மொழி இந்த அளவுக்குத் தலைகீழாகப் புரளும்போது, விமர்சனம் எழுதுகிற நாம் படிமம் குறியீடு என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்று வருஷம் கழித்து நடந்தது இன்னொரு விஷயம். மடத்து நிலத்தில் ஆறு மா குத்தகை உழும் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு முதல் 'ஆயிரம்' வந்தது. அவர் கணக்கு ஜன்தன் கணக்கல்ல, எப்போதோ தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கு. மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கான அபராதம் பழைய பாக்கியாக நின்றுகொண்டிருந்தது. காசு விழுந்ததும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. மிச்சம் 180-ஓ என்னவோ.

"சார், அது வேற காசு சார்" என்றார்.

"பணத்துக்குப் பேர் கிடையாதும்மா. கணக்குக்குள்ள வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

இப்படிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது, சொன்ன குரலும் ஞாபகம் இருக்கிறது. பணம் நிறமற்றது, எல்லாப் பொருளின் தனித்தன்மையையும் அழித்து ஒரே அளவைக்குக் கொண்டுவருவது என்று 1900-இல் ஜார்ஜ் ஸிம்மல் விஸ்தாரமாக எழுதிவைத்ததைத்தான் ஒரு குமாஸ்தாவின் தமிழில் அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். அது தத்துவம் என்ற நினைப்பு அப்போது எனக்கில்லை, விதிமுறை என்றுதான் நினைத்தேன். பல வங்கிகளில் இப்படி நடந்ததால் அந்த மாதமே மாநில நிதியமைச்சர் கண்டித்து அறிக்கை விட்டார். எங்கள் கிளையில் பிடித்த தொகையைத் திருப்பிப் போட மூன்று வாரமாயிற்று.

அதே ஸிம்மல் 1908-இல் ஏழையைப் பற்றி எழுதியபோது ஒரு கசப்பான விஷயத்தைக் கண்டுகொண்டார். ஏழைக்குக் கொடுப்பது அரசின் கடமைதான், ஆனால் அந்தக் கடமை ஏழையை நோக்கியதல்ல. சமூகம் தன் அமைதிக்காகத் தனக்கே செய்துகொள்வது, எனவே ஏழையிடம் அதற்கு ஈடான உரிமை எதுவும் இல்லை என்பது அவர் வாதம். 'உரிமைத் தொகை' என்ற பெயர் ஸிம்மலுக்கு ஒரு பதில் போலத் தோன்றும். முழுப் பதில் அல்ல. நஞ்சை ஐந்து ஏக்கரைத் தாண்டக் கூடாது, வருஷத்துக்கு 3600 யூனிட் மின்சாரத்தைத் தாண்டக் கூடாது என்று விண்ணப்பம் கேட்டது. இத்தனை கேள்விகளுக்குப் பிறகு கிடைப்பது உரிமையா என்று நண்பர் கேட்டால் எனக்குத் தடுமாற்றம்தான். பெயர் வைத்த கையே அதில் பாதியை அழித்திருக்கிறது, மீதியை என் கவுண்டர் அழித்தது.

ஆனாலும் அந்தப் பெண் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஒரு முறை பாஸ்புக்கோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். சம்பாவுக்கு யூரியா வாங்க வீட்டுக்காரர் இரண்டு மாதத்து 'ஆயிர'த்தைக் கேட்டாராம். கடனாகக் கொடுத்திருக்கிறார். அறுப்பு முடிந்து 1200 திரும்பி வந்தது. "எண்ணூறு நிக்குது சார்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே நோட்டுப் புத்தகம் வந்துவிட்டதே என்று நண்பர் வருத்தப்படுவார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தின் இன்னொரு கணக்கும் எனக்குத் தெரியும். நடவு தொடங்கும்போது அந்த அம்மாளின் தோடு எங்கள் பெட்டகத்துக்கு வரும். விவசாய நகைக்கடன், கடன் அவர் கணவர் பெயரில். இத்தனை வருஷமாக அந்த வயலுக்குள் போன தோடு எந்த நோட்டிலும் ஏறவில்லை. பாசம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி யாரோ எழுதாமல் விட்ட கணக்கு. யூரியாவாகி, நெல்லாகி, அரிசியாகி வயிற்றுக்குள் போன பிறகும் அந்த இரண்டாயிரம் அவர் காசாகவே இருந்தது. அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து 1994-இல் விவியானா ஸெலிஸர் சொன்னதும் இதுதான்: வீட்டுக்குள் நுழைந்த பணத்துக்கு மனிதர்கள் பெயர் வைக்காமல் இருப்பதில்லை. ஒரு ரூபாய் போல்தான் இன்னொரு ரூபாய் என்று நினைக்க மிச்சம் உள்ளவர்களால்தான் முடியும்.

அந்த மனிதரைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நிலம் மடத்தின் பெயரில், குத்தகை இறந்துபோன தாத்தா பெயரில், ஆயிரம் மனைவி பெயரில். அவர் பெயரில் இருப்பது நகைக்கடன். மனைவி உள்ளே வரும்போது அவர் வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தவணைக் காலத்தில் மட்டும் வாசல்வரை வந்து, "ரெண்டாயிரத்துக்கு எங்க பேர்ல ஏதாச்சும் வந்திருக்கா சார்?" என்பார். வராது என்று அவருக்கும் தெரியும். பார்க்கிற பாவனையில் நானும் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, இல்லை என்பேன். கடைசியாக அவர் கேட்ட அன்று காலையில்தான் அப்பாவின் கணக்கில் பணம் விழுந்த தகவல் என் போனுக்கு வந்திருந்தது.