மோட்டார் வண்டியும் மனச்சாட்சியும்



சொந்த மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த வண்டி, வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்குப் போய்வரத்தான் வேண்டும். போய்வந்தவர்களின் பேச்சைக் கேட்டால் உலகத்தில் இரண்டே கட்சிகள் இருப்பதாகத் தோன்றுகிறது. “எல்லாரும் திருடர்கள், தொட்டதற்கெல்லாம் காசு” என்பது ஒரு கட்சி. “எனக்கு அங்கே நம்ம ஆள் ஒருவன் இருக்கிறான், நான் ஒன்றும் கேட்பதே இல்லை” என்பது மற்றது. முன்னவர் எவரையும் நம்புவதில்லை. பின்னவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார். இருவர் செய்வதும் சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். விஷயம் தெரிந்த ஒருவனும் தெரியாத ஒருவனும் பேரம் செய்யும்போது ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பது மிகப் பழைய நீதிக் கேள்வி. அது இன்று நான்கு சக்கரங்களோடு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது வேதசாஸ்திரப் பெருநூலில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லியே ஆகவேண்டுமா என்று ஆராய்கிறார். ஒற்றைக்கண் குதிரையை விற்பவன் அதை வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. பார்ப்பவனுக்கே தெரியும், விலையில் குறைத்துக்கொண்டால் போதும் என்கிறார். ஆனால் குறை மறைந்திருந்து, வாங்குபவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்கக்கூடியதாக இருந்தால் சொல்லியே தீரவேண்டும். நொண்டிக் குதிரையை ஓட்டக் குதிரை என்றும், இடிந்துவிழப் போகும் வீட்டை உறுதியான வீடு என்றும் விற்பதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார்.

மோட்டார் வண்டியில் ஒற்றைக்கண் குறைகள் மிகச் சில. முன்விளக்கு எரியாவிட்டால் நமக்கே தெரியும். சக்கரத்துக்குள் பிரேக் பேடு தேய்ந்திருப்பது தெரியாது. அது புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும்; 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். பல வண்டிகளில் அதற்கென்றே ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். தேய்மானம் எல்லையை எட்டியதும் அது பிரேக் தட்டில் உரசிக் கிறீச்சிடும். நம்மில் பலர் அந்தச் சத்தத்தைத் தூசி என்று நினைத்து ரேடியோவை உரக்க வைத்துவிடுகிறோம்.

இப்போது முதற்கட்சிக்காரரை நினைத்துப் பாருங்கள். சர்வீஸ் பிரிவிலிருந்து டெலிபோன் வருகிறது: “சார், முன்பக்க பிரேக் பேடு மாற்றவேண்டும்.” அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் தம்பி” என்கிறார். தம்மை ஏமாற்ற வந்தவனை ஏமாற்றி அனுப்பிவிட்டதாக அவருக்குத் திருப்தி. அடுத்த வாரம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிறார். எல்லாரையும் திருடர் என்று தீர்த்துவிட்டவருக்கு உண்மையான எச்சரிக்கையும் வியாபாரப் பேச்சும் ஒரே மாதிரிதான் கேட்கும். இதை விவேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். விசாரித்து அறியும் சிரமத்தைத் தவிர்க்கும் சோம்பல் என்றே நான் சொல்வேன்.

செய்யவேண்டியது எளிது. “தம்பி, நான் வருகிறேன், சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது. தொழில் தெரிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். தம் வேலையைப் பார்க்க ஒருவர் வந்தாரே என்று அவருக்கும் சற்றுப் பெருமைதான். காட்டத் தயங்குகிறவரிடம் எச்சரிக்கையாயிருக்கக் காரணம் உண்டு.

சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றது என்று நான் சொல்லவில்லை. 2014-ம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி அடைத்து வைத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அன்றியும், நம்மை வரவேற்று எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசருக்குப் பல இடங்களில் மாதாந்தர இலக்கு உண்டு. என்ஜினைக் கழுவும் மருந்து, ஏ.ஸி.யைச் சுத்தம்செய்யும் தெளிப்பு, அடிப்பாகத்துக்குப் பூச்சு என்று அவர் சொல்லிக்கொண்டே போவது அந்த இலக்கின் நிர்ப்பந்தத்தால் இருக்கலாம்.

இதற்கு மருந்து வண்டியோடு கொடுக்கப்பட்ட புத்தகத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது உறை பிரிக்காமலே முன்பெட்டியில் கிடக்கிறது. எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில் எதை மாற்றவேண்டும் என்ற அட்டவணை அதில் உண்டு. நம் நாட்டில் ஓடும் பல பெட்ரோல் வண்டிகளுக்கு என்ஜின் ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அதன்படி மாற்றவேண்டும். எஸ்டிமேட்டை அந்த அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். அட்டவணையில் இல்லாததைச் சொன்னால், “எதற்காக?” என்று கேளுங்கள். சில சமயம் நல்ல பதில் கிடைக்கும். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு அடிப்பாகப் பூச்சு வீண் செலவன்று. எந்நேரமும் காய்ந்த தரையில் ஓடும் வண்டிக்கு அது அவ்வளவு அவசியமில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு வருபவரிடம் அட்வைசர் பேசும் விதமே மாறிவிடும்.

இதுவரை அவர்கள் கடமையைப் பேசினோம். நம் கடமையை யார் பேசுகிறார்கள்? விற்பவனுக்குச் சொன்ன நீதி வாங்குபவனுக்கும் பொருந்தும் என்று அதே தோமாஸ் எழுதியிருக்கிறார். நமக்கு மட்டும் தெரிந்து, பழுதுபார்ப்பவருக்குத் தெரியாத மறைந்த குறைகள் உண்டு. 2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. நீரில் நின்றுவிட்ட வண்டியைத் திரும்பவும் ஸ்டார்ட் செய்தால், உள்ளே புகுந்த நீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கம்பியே வளைந்துபோகும். அப்படிச் செய்துவிட்டு, “நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே நின்றுவிட்டது” என்று சொல்லி வண்டியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், உத்தரவாதத்தில் போய்விடும் என்ற எண்ணத்தில். நீர் புகுந்த வண்டி என்று அறியாத மெக்கானிக் இன்னொரு முறை சாவியைத் திருப்புகிறார். மிச்சமிருந்ததும் கெட்டுப் போகிறது. பழி அவர் தலையில் விழுகிறது. இதுவும் நொண்டிக் குதிரை விற்பதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை எவரும் குற்றமாக எண்ணுவதாகவே தெரியவில்லை. வண்டி எங்கோ இடித்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது, “தம்பி, போன வருஷத்துக் கீறலையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்” என்பது. தம்பியும் வாடிக்கை போய்விடக் கூடாதே என்று சேர்த்துவிடுகிறார். ஏழாம் கற்பனை கம்பெனிப் பணத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நமக்காக ஒரு பொய்க் கணக்கு எழுதும்படி அந்த இளைஞனுக்கு நாமே கற்றுக்கொடுத்தோம். அடுத்த மாதம் நம் பில்லில் மட்டும் அவர் மெய்யே எழுதவேண்டும் என்று எந்த முகத்தோடு எதிர்பார்ப்பது? “நம்ம ஆள்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் பலவிடங்களில் இப்படித்தான் வேர்விடுகிறது. ஆகவே சர்வீஸ் பிரிவோடு நல்லுறவு வேண்டும் என்பவர்கள் முதலில் இந்த வேரை வெட்டவேண்டும்.

உண்மை பேசுவதில் எளிய பாகமும் உண்டு. வண்டிக்குக் கீழே படுத்து வேலை செய்யும் ஐ.டி.ஐ. படித்த பையன் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அட்வைசர் ஜாப் கார்டில் எழுதியதுதான் அவனுக்குத் தெரியும். அதில் “பிரேக் சரியில்லை” என்று இரண்டு சொல்லில் எழுதவைத்துவிட்டு, வேலை சரியாக நடக்கவில்லை என்று கோபிப்பது நியாயமா? “80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, மெதுவாகப் போனால் இல்லை” என்று எழுதச் சொல்லுங்கள், அவன் பிரேக் தட்டைப் பார்ப்பான். “முழுக்க வளைத்துத் திருப்பினால் முன்சக்கரத்தில் டக் டக் என்கிறது” என்றால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டைப் பார்ப்பான். வைத்தியரிடம் போய் நோயின் பெயரை நாமே சொல்லுவதில்லை, வலிக்கும் இடத்தைச் சொல்கிறோம். இங்கும் அப்படியே. எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எஸ்டிமேட்டுக்கு மேல் போனால் கேட்காமல் செய்யவேண்டாம் என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் டெலிபோன் செய்யும்போது எடுத்துப் பேசுங்கள்! காலை முழுவதும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு மாலையில் வண்டி தயாரில்லை என்று சத்தம் போடுபவர்களும் நம்மிடையே உண்டு.

வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போக முதல் நாள் காலையில் வண்டியை விட்டு, சாயங்காலமே வேண்டும் என்று நிற்பவர்களைப் பற்றியும் அப்படியே. சனிக்கிழமையும் விடுமுறைக்கு முந்திய நாளும் அங்கே கூட்டம் அலைமோதும். வாரத்தின் நடுவில், பத்து நாள் முன்னதாக, சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். முடிந்தமட்டும் ஒரே அட்வைசரிடம் போங்கள். அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சில மனவருத்தங்கள் அறியாமையால் வருபவை. இலவச சர்வீஸ் என்றால் பெரும்பாலும் கூலி மட்டுமே இலவசம்; ஆயிலுக்கும் பில்டருக்கும் பணம் உண்டு. ஒரு வேலைக்கு இத்தனை நேரம் என்று கம்பெனி வகுத்த கணக்கின்படி கூலி போடுகிறார்கள். கைதேர்ந்தவன் அரைமணியில் முடித்தான் என்பதற்காக அது குறையாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம், ஆனால் உத்தரவாதத்தில் மாற்றியதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துபோகும். வீடு மாறினால் உங்கள் விலாசத்தையும் டெலிபோன் எண்ணையும் அவர்களிடம் மாற்றிக் கொடுப்பதும் அவசியம், பழைய வண்டி வாங்கியவர்களுக்கு முக்கியமாக. டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த காற்றுப்பைகள், விபத்தில் விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறவிட்டு உயிரைக் குடித்தன. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம்மைப் போன்ற தேசங்களில் அவை சீக்கிரம் கெடும். உலகெங்கும் பல கோடிக் காற்றுப்பைகளைச் செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். விலாசம் தெரியாதவருக்கு அந்த அழைப்பு எப்படிப் போய்ச் சேரும்?

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இனிப்புப் பொட்டலம் கொடுப்பது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். உழைத்த கைக்கு அன்போடு கொடுப்பதில் தவறில்லை. மற்றவர் வண்டியை ஒதுக்கிவிட்டு நம் வண்டியை முதலில் எடுப்பதற்காகக் கொடுத்தால் அதன் பெயர் வேறு. சர்வீஸ் முடிந்தபின் கம்பெனியிலிருந்து, “பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?” என்று கேட்கும் டெலிபோனும் அற்ப விஷயமன்று. பல கம்பெனிகள் கையாளும் முறையில் 9-ம் 10-ம் மட்டுமே நல்ல மதிப்பு. 6-ம் அதற்குக் கீழும் குறை. நாம் அலட்சியமாகச் சொல்லும் 6 ஒருவருடைய ஊக்கத்தொகையைத் தொடக்கூடும். காத்திருந்த கோபத்தை அதில் தீர்த்துக்கொள்ளாதீர்கள். மோசமான வேலைக்கு முகத்தாட்சண்யத்தால் 10 கொடுக்கவும் வேண்டாம்.

உண்மையில் அநியாயம் நடந்துவிட்டால்? முதலில் அட்வைசரிடமும், பிறகு சர்வீஸ் மானேஜரிடமும், அதன்பின் எழுத்து மூலம் கம்பெனியிடமும் சொல்லவேண்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். ஜாப் கார்டும் பில்லும் பத்திரமாக இருக்கட்டும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் தெருமுனை மெக்கானிக்கிடம் போவதற்கு உங்களுக்கு முழுச் சுதந்தரம் உண்டு. அதைத் துரோகமாக எவரும் பேசவேண்டியதில்லை. ஆனால் தவறு வேறு, வஞ்சகம் வேறு. அறியாமல் குறையுள்ள பொருளைக் கொடுத்தவனிடம் பாவமில்லை, ஆயினும் அறிந்த பிறகு ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது தோமாஸின் தீர்ப்பு. தன் பிழையை ஒப்புக்கொண்டு, காசு வாங்காமல் மறுபடி செய்துகொடுக்கும் இடம் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தீர்ப்பின் மறுபாதி நம்மைச் சேர்ந்தது. விற்பவன் அறியாமல் பொன்னைப் பித்தளை விலைக்குக் கொடுத்தால், அறிந்து வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவேண்டும். பணம் கட்டும் இடத்தில் பில்லை ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். மாற்றிய ஏர் பில்டருக்கு விலை போட மறந்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். காசாளர் முதலில் விழிப்பார். கூடுதலாகப் போட்டுவிட்டோமோ என்றுதான் நினைப்பார். மறுபடி சொன்னால் பில்லைத் திருத்தித் தருவார்.