விலா எலும்பு பதினாறா, இருபத்துநாலா? கவசம் என் முதுகுக்குச் சொன்ன பாடம்

ஓம் சரவணபவ! வேலும் மயிலும் துணை.



போன சஷ்டி அன்னிக்கு நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கந்த சஷ்டி கவசத்துல விலா எலும்பு பதினாறுன்னு வருது. பயாலஜி புக்ல 24ன்னு இருக்கு. எது சரி?"

உடனே ஒருத்தர், "சாமி விஷயத்துல குதர்க்கம் பேசாதே"ன்னு அதட்டினார். இன்னொருத்தர் பதினாறு பேறு, பதினாறு கலைன்னு எதையெதையோ கூட்டிக் கழிச்சு 16ஐ நியாயப்படுத்தினார். தம்பி அதுக்கப்புறம் வாயே திறக்கலை. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்தது. ஏன்னா கவசத்தோட அதே இடத்துல எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். இன்னிக்கு ரெண்டையும் பேசிடலாம்.

நான் மதுரையில வீட்ல இருந்தே வேலை பார்க்கிற சாஃப்ட்வேர்காரன். சாப்பாட்டு மேசை நாற்காலி, மடியில லேப்டாப், ஒரு நாளைக்குப் பத்து பதினோரு மணி நேரம். போன வருஷம் ஒரு காலையில ஷூ போடக் குனிஞ்சேன், நிமிர முடியலை. இடுப்புல பிடிச்ச வலி இடது கால் வரைக்கும் மின்னல் மாதிரி இறங்கிச்சு. ஸ்கேன்ல, இடுப்புப் பகுதியின் நாலாவது, அஞ்சாவது முள்ளெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு தெரிஞ்சது.

செவ்வாய்க்கிழமை தவறாம கவசம் படிக்கிறவன் நான். அதுல தேவராய சுவாமிகள் முதுகை வேலிடம் ஒப்படைக்கிறார். "அப்போ என் முதுகை மட்டும் ஏன் முருகா காக்கலை?" படுத்த இடத்துல இதே நினைப்புதான்.

அந்த நாட்கள்லதான் முதுகெலும்பைப் பற்றி முதல் தடவையா ஒழுங்காப் படிச்சேன். அசந்து போயிட்டேன்.

பிறக்கும்போது 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதுக்குக் கீழே 5 சேர்ந்து ஒரே எலும்பாகும், கடைசி 4 சேர்ந்து வால் எலும்பாகும். அதனால பெரியவர்களுக்கு எண்ணிக்கை 26. இந்த எலும்புகளின் நடுவே போற பாதையில தண்டுவடம் பத்திரமா இறங்குது.

மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்பிலும் ஜோடி ஜோடியா விலா எலும்பு புறப்படுது. மேலே இருக்கிற 7 ஜோடி முன்னால் வந்து நெஞ்செலும்பை நேராத் தொடும். அடுத்த 3 ஜோடி, தனக்கு மேலே உள்ளதன் குருத்தெலும்பைப் பிடிச்சுக்கும். கடைசி 2 ஜோடி முன்பக்கம் எதையும் தொடாம நிக்கும். உள்ளே இதயம், நுரையீரல். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தக் கூடு வாளியின் கைப்பிடி மாதிரி தூக்கித் தூக்கி இறங்குது. இரும்புக் கவசம் போட்டவன் மூச்சு விடத் திணறுவான். இது மூச்சு விட உதவுற கவசம்!

கவசத்துல முதுகுக்கு அடுத்ததா விலா எலும்பு வருதே, கவனிச்சிருக்கீங்களா? உடம்புலயும் விலா புறப்படுவது முதுகில் இருந்துதான்.

இப்போ தம்பி கேள்விக்கு வர்றேன். எண்ணிப் பார்த்தா 24தான். அதைச் சொல்ல நாம பயப்பட வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு 15 மூச்சுன்னா ஒரு நாளைக்கு 21,600. மரபு சொல்ற அதே எண். அது ஒத்துப் போனா "விஞ்ஞானமே வியந்தது"ன்னு ஃபார்வர்ட் பண்றோம். 16 ஒத்துப் போகலைன்னா கணக்கை வளைக்கிறோம். டெஸ்ட் ஃபெயில் ஆனதும் கோடைத் திருத்தாம டெஸ்டையே மாத்தி எழுதுற டெவலப்பர் மாதிரி! முருகனுக்கு நம்ம பொய் தேவையில்லை.

இன்னொண்ணு பாருங்க. கவசத்துல பல் முப்பத்திரண்டும் காக்கச் சொல்லி வருது. நான் ஆறு வயசுல அப்பத்தா மடியில உட்கார்ந்து அதை ஒப்பிச்சேன். பால்பல் மொத்தமே 20, அதுலயும் முன்பல் ரெண்டு விழுந்தாச்சு. அதுக்காக வேல் என்னைக் காக்காம விட்டுடுச்சா? கவசம் எலும்புக் கணக்குப் பதிவேடு இல்லை. ஒரு அங்கம் விடாம ஒப்படைக்கிற அன்பு அது.

சரி, என் கேள்விக்கு? அதுக்கும் அப்பத்தாதான் பதில் சொன்னாங்க. என் புலம்பலைக் கேட்டுட்டு, "ஏய்யா, வீட்டுக்குக் காவக்காரனைப் போட்டுட்டு நீயே உள்ள இருந்து செவத்த இடிச்சா அவன் என்ன செய்வான்?"ன்னு கேட்டாங்க.

நெஞ்சுல தைச்சது. பெரியவங்களுக்கு டிஸ்க்கின் உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பில் இருந்து ஊறி வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. நாம அசைய அசையத்தான் அது நல்லா ஊறும். நான் அதை நாள் பூரா கூன் போட்டு அழுத்தி வச்சுட்டு, செவ்வாய்க்கிழமை அரைமணி நேரம் காக்கச் சொல்லி வேண்டியிருக்கேன்.

டாக்டர் நடக்கச் சொன்னதும் பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் கிரிவலம் போனேன். முதல் தடவை பாதியிலேயே திரும்பிட்டேன், மூணாவது தடவைதான் முழுசா சுத்தி வந்தேன். கைக்குழந்தை முதுகுல இடுப்பு வளைவு இருக்காது, நின்னு நடக்கப் பழகும்போதுதான் உருவாகும். நடைதான் நம்ம முதுகைச் செதுக்கிச்சு. அதே நடைதான் என்னையும் மீட்டுது.

அங்கே சன்னதியில் அப்பன் தெய்வானையோட அமர்ந்த கோலம். நாமளும் நாள் பூரா உட்கார்ந்துதான் இருக்கோம், ஆனா எப்படி? பழனிக்கு நடக்கிறவங்க நினைக்கிற இடும்பன், ரெண்டு மலையையும் காவடியா ரெண்டு பக்கமும் சமமாக் கட்டித் தோள்ல ஏத்தினான். நாம லேப்டாப் பையை ஒரே தோள்ல மாட்டிக்கிட்டுச் சாய்ஞ்சு நடக்கிறோம்.

வர்ற செவ்வாய்க்கிழமை கவசம் படிக்கும்போது ஒண்ணு செய்யுங்க. எந்த அங்கம் வருதோ அங்கே கையை வைங்க. முதுகு வரும்போது நிமிர்ந்து உட்காருங்க. விலா வரும்போது ரெண்டு கையையும் பக்கவாட்டில் வச்சு ஒரு முழு மூச்சு எடுங்க. "நீ கொடுத்ததை நானும் காப்பேன்"னு மனசுல சொல்லுங்க. மறுநாள் அரைமணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்திருங்க. வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப் போனாலோ விபூதியும் பூசுங்க, டாக்டரையும் பாருங்க. அவர் கையிலயும் வேல் இருக்கு.

கேள்வி கேட்ட தம்பிக்கு: இன்னும் கேளுங்க தம்பி. பிரம்மாவையே கேள்வி கேட்டு, அப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமிநாதன் நம்ம சாமி.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

(நாள் பூரா உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஒரு நண்பருக்காவது இதை அனுப்புங்க.)