தவளையின் கணக்கில் நாம்

நாய் வளர்ப்பவன் தன் அன்புக்கு வாலாட்டலை வரவு வைத்துக்கொள்கிறான். பூனை இதில் சற்றுக் கஞ்சம், ஆனாலும் மடியேறுகிறது. வளர்ப்பு பற்றிய நம் நல்லெண்ணமெல்லாம் இந்தப் பற்று வரவின் மேல்தான் நிற்கிறது. தவளையிடம் இது செல்லாது. அதனாலேயே, அன்பு என்பது என்ன என்று கேட்டுப் பார்க்கத் தவளை தகுந்த இடம் என்று எனக்குப் படுகிறது.

தவளையின் கண் அதன் மூளைக்கு என்ன சொல்கிறது என்று ஆராய்ந்து 1959ல் லெட்வின், மாதுரானா, மக்கலக், பிட்ஸ் நால்வரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அசையாத உலகம் தவளைக்குப் பொருட்டல்ல. சிறியதாய் அசைவது இரை. பெரியதாய் அசைவது அபாயம். அசையாத இரை சுற்றிலும் கிடக்க, நடுவில் அது பட்டினியால் சாகும். ஆக, இரை போடுகிறவன் அதன் பார்வையில் ஒன்று இல்லாதவன், அல்லது அபாயம். நாளடைவில் அவன் கைப்பக்கம் அது திரும்பலாம். அது இரை வரும் திசையைப் பழகிக்கொண்டதுதான், நன்றி அல்ல.

தொட்டுக் கொஞ்சவும் முடியாது. தோலால் நீரை உறிஞ்சி, தோலாலும் சுவாசிக்கிற பிராணி அது. நம் உள்ளங்கையின் உப்பும் சோப்பும் அதற்கு உபத்திரவம். குழாய்த் தண்ணீரைக்கூட ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும். இரையோ உயிரோடு துடிக்க வேண்டும். ஒரு ஜீவனிடம் காருண்யம் காட்ட அன்றாடம் பல ஜீவன்களைக் காவு கொடுக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் கண்ணாடித் தொட்டியில் தவளை வைத்திருக்கிறான். அவன் கவனிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தொட்டி கூடத்தின் நடுவில், வெளிச்சத்தில் இருக்கிறது. தவளைக்கு ஒளிய வேண்டும். அவனுக்குப் பார்க்க வேண்டும். பிரச்னை முழுவதும் இதுதான்.

1987ல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. தவளை மேல் பிரியத்தால் அல்ல. தவளை குறைந்தால் வயலில் பூச்சி பெருகும் என்ற கணக்கால். அங்கே காரணம் நம்முடையது, பலன் தவளைக்கு. தொட்டியில் காரணம் அன்பு, பலன் நமக்கு. எது மேலான அறம் என்று சட்டென்று சொல்லிவிட முடியவில்லை.

மழை குறைந்த எங்கள் திண்டுக்கல் சமவெளியில், கோடையில் மரத்தவளை தானாகவே ஈரம் தேடிக் குளியலறைக்குள் வந்து ஒட்டிக்கொள்கிறது. விரட்டாமல், பினாயில் ஊற்றாமல் இருந்தால் தங்கும். மழை வந்தால் போய்விடும். இதை யாரும் வளர்ப்பு என்று சொல்வதில்லை.

தேரையர் கதை நினைவுக்கு வருகிறது. அரசனின் கபாலத்தைத் திறந்த அகத்தியர், மூளையைப் பற்றியிருந்த தேரையை எப்படி எடுப்பது என்று திகைத்து நிற்கிறார். சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டுகிறான். தேரை தானே குதித்துவிடுகிறது. சீடன் தேரையைத் தொடவே இல்லை. அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தான். இந்த அறிவை அன்பு என்று அழைக்க நமக்கு ஏன் தயக்கம்? அதில் நமக்கென்று வரவு ஏதும் இல்லை என்பதாலா?